மைக் அக்கா சொன்ன கோல்

பேருந்து நிலையத்துக்கு வந்துபோகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குரல் காதில் விழுந்தால் போதும், "அட, நம்ம மைக் அக்கா" என்பார்கள். டிக்கெட் கவுண்டருக்கும் பார்சல் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், வண்டி நேரம் எழுதிய அட்டைகள், ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மேசை விசிறி, அப்புறம் அவள். பதினாறு வருஷமாக அங்கேதான். காணாமல் போன குடைகளையும், காணாமல் போன கணவன்மார்களையும் எத்தனையோ தடவை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஐந்தாம் நடைமேடை வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்பதைக்கூட ஏதோ நல்ல சேதி மாதிரி சொல்லுவாள். சண்டை போட எழுந்தவன்கூடத் திரும்ப உட்கார்ந்துவிடுவான். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, ஏன் இருக்கக் கூடாது? அவளைவிட வயதில் மூத்த டிரைவர்களே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது வாரத்தில் ஆறு நாள் கதை. சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் அவள் வேறு ஆள். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கால்பந்து மைதானம். அங்கே பார்வையாளர் கூரைக்குக் கீழே, பதினொரு படி இரும்பு ஏணி ஏறினால் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு மைக். சம்பளம் ஒன்றும் கிடையாது. பேருந்து நிலையத்தில் இன்னொரு அறிவிப்பாளர் இருந்தார், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இவள் வாங்கிக்கொண்டு, தன் சனிக்கிழமைகளை அவர் தலையில் கட்டிவிட்டாள். இப்படிப் பதினொரு வருஷம். கிளப்பின் மஞ்சள் சட்டைக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. கோல் விழுந்தால் முதலில் சொல்லுவதும் அவள்தான்.

அவளுடைய புருஷன் சோபா தைக்கிறவர். வீட்டு முன்னறை முழுக்க ஸ்பாஞ்சும் ரெக்ஸினும் கிடக்கும். கால்பந்தில் அவருக்கு அ, ஆ தெரியாது. அவளைக் கூட்டிப்போக ஒரு தடவை மைதானத்துக்கு வந்தவர், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அதுல ஸ்பாஞ்சே இல்ல. வெறும் பலகை. அதான் பசங்க உட்கார முடியாம உள்ள போய் இப்படித் தப்புத் தப்பா ஆடறாங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அந்த வருஷம் ஆட்டம் அப்படித்தான் இருந்தது. முதல் டிவிஷனில் பன்னிரண்டு கிளப். கடைசி இரண்டு இடத்தில் இருப்பவை அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இவர்களுடைய கிளப் இருபத்தெட்டு வருஷமாக ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அப்படிப்பட்ட கிளப் பதினெட்டு ஆட்டத்தில் மூன்றே மூன்றுதான் ஜெயித்திருந்தது. பயிற்சியாளர் பாதியில் ஓடிவிட்டார். கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. தடுப்பாட்டத்தில் ஒரு மலை மாதிரி ஆள், வாரநாளில் டைல்ஸ் கடையில் பெட்டி தூக்குகிறவன், அவனுக்குக் 'கதவு' என்று பெயர். போன வருஷம்வரை அந்தப் பெயரை மரியாதையாகச் சொன்னார்கள். இந்த வருஷம், "கதவு இருக்கு, தாழ்ப்பாளைத்தான் காணோம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். பாவம், அவனும் கூடவே சிரித்துவைப்பான்.

கூட்டம் வாராவாரம் கரைந்தது. நம்பிக்கை போன ரசிகன் இருக்கிறானே, அவன் தோற்றவனைவிட மோசம். ஆட்டம் தொடங்குமுன்னே வாட்சைப் பார்க்கிறான். மைக் அக்கா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்துக்கு முன்னால், பேருந்து நிலையத்துக் குரலிலேயே ஓர் அறிவிப்பு செய்வாள்:

"ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு. நாம் நெடுநேரமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று புள்ளிகள், இன்னும் தொண்ணூறு நிமிடங்களில் நம் மைதானத்தை வந்தடையும். தயவுசெய்து வழிவிட்டு நிற்கவும்."

முதலில் சிரித்தார்கள். பிறகு அதைக் கேட்கவே கொஞ்சம் பேர் வந்தார்கள். மூன்று புள்ளிகள் வரத்தான் இல்லை. வராவிட்டால் என்ன, அடுத்த வாரமும் அதே அறிவிப்பு, அதே தெம்பு. கிளப் செயலாளர் ஒரு தடவை ஏணிக்குக் கீழே நின்று, "ஏம்மா, கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா? எதிராளிங்க சிரிக்கறாங்க" என்றார். செயலாளர் மருந்துக்கடைக்காரர், எதையும் அளந்துதான் பேசுவார்.

"சிரிக்கட்டும் சார். சிரிச்சுக்கிட்டே இருக்கறப்போ நாம ஒண்ணு போட்டுடலாம்" என்றாள் அவள்.

பத்தொன்பதாவது ஆட்டத்தில் நிஜமாகவே அப்படி நடக்கிற மாதிரி இருந்தது. மேலே மூன்றாம் இடத்தில் இருந்த கிளப்போடு ஆட்டம். எண்பது நிமிடம்வரை ஆளுக்கு ஒரு கோல். பசங்க உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு புள்ளி கையில் இருந்த மாதிரிதான். எண்பத்து நாலாவது நிமிடத்தில் இவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கதவு உட்பட எல்லோரும் எதிராளியின் கோலுக்கு முன்னால் போய்க் குவிந்தார்கள். பின்னால் இவர்கள் ஆட்களில் கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை. கார்னரை உயர்த்தி அடிக்காமல் பக்கத்தில் நின்ற ஏழாம் நம்பருக்குத் தள்ளினார்கள். அவன் ஒரு ஆளைத் தாண்டினான், இடது காலால் ஓங்கி ஒரு உதை விட்டான்.

தகரப் பெட்டியிலிருந்து பார்த்தால் வலை குலுங்கியது. பந்து வலையில் இருந்தது. வேறென்ன வேண்டும்?

"கோ...ல்! கோல்! கோல்! நம்ம ஏழாம் நம்பர்! நான் சொன்னேனா இல்லையா!"

பதினொரு வருஷத்தில் அவள் அப்படிக் கத்தியதில்லை. நான்கு ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் அலறின. கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். மைதானத்தில் மஞ்சள் சட்டைகள் எல்லாம் மூலைக் கொடியை நோக்கி ஓடின. கதவு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏழாம் நம்பர் மேல் போய் விழுந்தான். அவன் மேல் இன்னும் ஆறு பேர் விழுந்தார்கள்.

பந்து வலையில்தான் இருந்தது. ஆனால் வலையின் வெளிப்பக்கத்தில் இருந்தது. கம்பத்துக்கு வெளியே போய்ப் பக்கவாட்டு வலையை வெளியிலிருந்து குலுக்கிவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவர் கோல் கிக் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். எதிராளியின் கோல்கீப்பர் கெட்டிக்காரன். இன்னொரு பந்தை எடுத்தான், வைத்தான், நீளமாக ஒரு உதை. அந்தப் பாதி மைதானத்தில் அவர்கள் ஆட்கள் இரண்டு பேர், இவர்கள் கோல்கீப்பர் ஒருத்தன். அவனும் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு இரண்டு.

பசங்க நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பிகளா, விசில் என் வாயில இருக்கு. மைக் சொல்றதுக்கெல்லாம் ரூல் புத்தகத்துல இடமில்ல" என்றார். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா?

அன்று அவள் எப்படி ஏணி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே செயலாளர் நின்றிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கொஞ்ச நாளைக்கு நான் பார்த்துக்கறேம்மா. நீங்க ஓய்வா இருங்க" என்று அளந்து சொல்லிவிட்டு, மைக் பெட்டியின் சாவிக்காகக் கையை நீட்டினார்.

யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. திங்கட்கிழமை இரண்டாம் நடைமேடை டிரைவர் ஒருவருக்கு போன் அடித்தது, "கோ...ல்! கோல்! கோல்!" என்று இவள் குரலே கத்தியது. அதைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தார். நேரம் எழுதிய அட்டையை வாங்க வந்த இன்னொருவர், "அக்கா, ஆறேகால் வண்டி வந்துடுச்சுன்னு சொல்றீங்களே, நிலையத்துக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வாள், பதினாறு வருஷமாக அவர்களைக் கலாய்த்தவள் அவள்தானே. ஆனால் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவமானம் ஒரு பக்கம். அதைவிட, அந்த ஒரு புள்ளி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வேறு யாரால் தோற்றிருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பாள். இந்தத் தடவை யாரைத் திட்டுவது?

புருஷன் குளியலறைக்கு வெளியே நின்று, "தண்ணி தொட்டி காலியாயிடும், போதும் வா" என்றார். அவள் வெளியே வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கணக்கு சொல்லு. எத்தனை ஆட்டம் பாக்கி?" என்று கேட்டார்.

"மூணு."

"மூணுல எத்தனை ஜெயிக்கணும்?"

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு யோசித்தாள். "ரெண்டு ஜெயிச்சா போதும். பசங்களால முடியும். அன்னைக்கு எப்படி ஆடினாங்க பார்த்தீங்களா? அது மூணாவது இடத்துல இருக்கற டீமுங்க. அவங்களையே திணற அடிச்சுட்டாங்க. ஏழாம் நம்பர் இடது கால் இருக்கே..."

"இப்ப சரியாயிட்டே" என்று அவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் அவள். கவலைப்பட உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் நம்பிக்கை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். மேலே பெட்டியிலிருந்து செயலாளர் ஆட்டக்காரர்கள் பெயரை, காலை ஒன்று மாலை ஒன்று சாப்பாட்டுக்குப் பின் என்கிற மாதிரி வாசித்தார். அவளுக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அன்று இவர்கள் ஜெயித்தார்கள். கத்தித் தீர்த்தாள், தொண்டை கட்டியது. அதற்கடுத்த வாரம் வெளியூரில் தோற்றார்கள். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில்.

நிலவரம் இதுதான். இவர்களுக்கு ஒரு படி மேலே இருந்த கிளப் தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டது, இவர்களைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். இவர்கள் ஜெயித்தால் தப்பித்தார்கள். சமனில் முடிந்தால் புள்ளி ஒன்றாகிவிடும், ஆனால் கோல் கணக்கில் இவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள், ஆகவே கீழே. அன்றைக்கு அந்த ஒரு புள்ளியைத் தொலைக்காமல் இருந்திருந்தால் சமனே போதும். ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். மைக் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த சனிக்கிழமை அவள் எப்படியும் போய்விடுவது என்றுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை நிலைய மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் ரெண்டாயிரம் பேர் இங்க வந்து நிப்பாங்க. பன்னிரண்டு சிறப்பு வண்டி விடறோம். அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்க உங்களை விட்டா ஆள் இல்ல. இந்த ஒரு சனிக்கிழமை டூட்டி பாருங்க."

"சார், நாளைக்குப் பார்த்தா?"

"நாளைக்குத்தான்மா."

அவளால் மறுக்க முடியவில்லை. வேலை என்றால் வேலைதான். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் பாதி தைத்த சோபாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, நான் போறேன். போன்ல சொல்றேன்" என்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் தானாகவே ஒரு ஆட்டம் பார்க்கப் போனது அன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கூண்டுக்குள் போனை மேசைமேல் வைத்து அதன் ஸ்பீக்கரைப் போட்டாள். வண்டி அறிவிக்கும்போது மட்டும் அதன் வாயை அடைப்பாள். செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. பயணிகள், கண்டக்டர்கள், பார்சல் அறைக்காரர் எல்லோரும் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றுகொண்டார்கள். புருஷனுடைய வர்ணனை இப்படி இருந்தது:

"நம்ம ஆளு ஒருத்தன் ஓடறான். இப்ப நின்னுட்டான். ஷூ கயிறு கட்டறான்."

"பந்து எங்கங்க இருக்கு?"

"பந்தா? இரு... அந்தப் பக்கம் இருக்கு. ரொம்பப் பேர் சுத்தி நிக்கறாங்க."

"எந்தப் பக்கம்? நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"மரம் இருக்கற பக்கம்."

கண்ணாடிக்கு வெளியே இருந்த கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முதல் பாதி இப்படியே போனது. கோல் இல்லை. இரண்டாம் பாதியில் மைதானத்துச் சத்தம் போன் இல்லாமலே காற்றில் வந்தது. எழுபதாவது நிமிடம் தாண்டியதும் திடீரென்று ஒரு பெரிய ஆரவாரம். போனில் அவர் அலறினார்: "கோல்! கோல்மா! உள்ள போயிடுச்சு, நான் என் கண்ணால பார்த்தேன், நிஜமாவே உள்ள!"

நிலையமே குதித்தது. பார்சல் அறைக்காரர் யாரையோ தூக்கிச் சுற்றினார். "அக்கா, மைக்கைப் போடுங்க! சொல்லுங்க!" என்று கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் கை பொத்தான்வரை போனது, அங்கேயே நின்றது.

"ஓரமா கோட்டுமேல ஒருத்தர் கொடி வச்சுக்கிட்டு நிப்பாரே, அவர் என்ன பண்றார்?" என்று கேட்டாள்.

"அவரா? கொடியை மேல தூக்கிக்கிட்டு நிக்கறாரு. ஏன், சந்தோஷத்துலயா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆஃப்சைடுங்க. கோல் இல்ல." வெளியே பார்த்துக் கையை அசைத்தாள். கூட்டம் அப்படியே அடங்கியது. ஒருவர்கூட அவளைக் கோபிக்கவில்லை. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, பசங்களால் முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுவில் நான்கு வண்டிகளை அறிவித்தாள். ஒரு எண்கூடப் பிசகவில்லை. எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்று அவர் சொன்னார். "எந்தக் கம்பம்?" என்று அவள் கேட்கவில்லை, அவர் குரலிலேயே தெரிந்தது. தொண்ணூற்று நாலாவது நிமிடத்தில் விசில் சத்தம் போன் வழியாக மூன்று தடவை கேட்டது.

பிறகு, "ஒண்ணுமில்லாம முடிஞ்சுடுச்சும்மா. பசங்க அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க" என்றார். "நான் வரட்டுமா அங்க?"

"வேணாம். வீட்டுக்குப் போங்க. இப்ப எல்லாரும் இங்கதான் வருவாங்க."

வந்தார்கள். கால்மணி நேரத்தில் நிலையம் மஞ்சளாகிவிட்டது. கூச்சலும் இல்லை, பாட்டும் இல்லை. இரண்டாயிரம் பேர் செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம் மட்டும். சிலர் கண்ணாடிப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே ஒரு புள்ளி. அவர்கள் மனதில் ஓடுவது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் மனதிலும் அதுதான் ஓடியது.

மணிப் பொத்தானை அழுத்தினாள். மைக்கை இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டு சிறப்பு வண்டிகளையும் நடைமேடை எண்ணோடு, போகிற ஊரோடு, தெளிவாக, நிதானமாகச் சொன்னாள். சொல்லி முடித்தபின் மைக் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு விஷயம்" என்றாள். அறிவிப்புக் குரல் இல்லை, வீட்டுக் குரல். "அந்த ஒரு புள்ளியைத் தொலைச்சது நான்தான். பசங்க மேல தப்பில்ல. யாரும் அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்றதா இருந்தா இங்க வாங்க, என்கிட்ட சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிப்போகல. கூண்டு இங்கதான் இருக்கு."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அப்போது ஏழாம் நடைமேடையிலிருந்து ஒரு கட்டைக் குரல், "அது கெடக்கட்டும்க்கா, ஏழாம் பிளாட்பாரத்துல வண்டிய விட்டுட்டு டிரைவரைக் காணோம், அவரைக் கூப்பிடுங்க மொதல்ல!" என்று கத்தியது.

யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அப்படியே பரவியது. ஏழாம் நடைமேடை ஓட்டுநர் உடனே வண்டிக்கு வரவும் என்று அவள் அறிவித்தபோது அவள் குரலே சிரிப்பில் உடைந்தது. அதற்குக் கைதட்டினார்கள்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கூட்டம் வடிந்தது. அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடியின் முன்னால் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தாள். கதவு நின்றிருந்தான். ஈரத் தலை, தோளில் பை, காலில் செருப்பு. அவன் ஊருக்குப் போகிற கடைசி சிறப்பு வண்டி பதினோராம் நடைமேடையில் நின்றிருந்தது.

"வண்டி இன்னும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவாங்க தம்பி" என்றாள் அவள்.

"தெரியும்க்கா." அவன் போகவில்லை. கண்ணாடியின் ஓட்டைக்குக் குனிந்தான். அந்த உயரத்துக்கு அது கஷ்டம்தான். "நீங்க மைக்ல சொன்னது சரியில்ல."

"எது?"

"தப்பு உங்களோடதுன்னு சொன்னது. அன்னைக்கு நான் கோலுக்குப் பக்கத்துலதான் நின்னேன். பத்தடி இருக்கும். பந்து வெளிய போனதை நான் பார்த்தேன்க்கா. கம்பத்துக்கு இந்தப் பக்கமா, ரெண்டு சாண் தள்ளி. தெளிவாப் பார்த்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "பார்த்தியா? பார்த்துட்டும் ஏன்டா ஓடின? திரும்பி உன் இடத்துக்குப் போயிருந்தா அந்த ரெண்டு பேரையும் நீயே நிறுத்தியிருப்பியே!"

"ஆமாம்க்கா." அவன் பைவாரை முறுக்கினான். "நீங்க கோல்னு சொன்னீங்க. வருஷம் பூரா எங்களை ஒருத்தரும் நம்பலக்கா. டிரெஸ்ஸிங் ரூம்ல நாங்களே நம்பல. மைதானத்துக்கு வர்றப்பவே இன்னைக்கு எத்தனை வாங்கப்போறோம்னுதான் பேசிக்குவோம். நீங்க மட்டும் வாராவாரம் அந்தப் பெட்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, வருது வருது, வழிவிடுங்கன்னு சொல்லுவீங்க. கிண்டல் மாதிரி இருக்கும், ஆனா கிண்டல் இல்லன்னு எங்களுக்குத் தெரியும். அதனால அன்னைக்கு நீங்க கோல்னு கத்தினதும், சரி, அக்கா சொல்றாங்க, என் கண்ணுதான் தப்புன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

இத்தனை நாளும் தன் அறிவிப்பைக் கூட்டத்துக்கு ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தாள். உள்ளே ஓடுகிற பசங்க காதில் அது விழுகிறது என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன, கோபம்தான் முந்தியது.

"அறிவிருக்காடா உனக்கு? இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு? பத்தடியில நிக்கற நீ எங்கேயோ கூரைக்குக் கீழ உட்கார்ந்திருக்கற என்னை நம்புவியா? அடுத்த தடவை உன் கண்ணை நம்பு. கேக்குதா?"

பதினோராம் நடைமேடை வண்டி ஹாரன் அடித்தது. கதவு நிமிர்ந்தான், பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான்.

"கண்ணையா? மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து ஓடினான்.